கிளைடர் பழகும் பதின்வயதினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் கார் ஓட்ட 17 வயதாக வேண்டும். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் தனியாகப் பறக்க 14 போதும். பயிற்றுநருடன் பழகுவதை அதற்கு முன்பே தொடங்கிவிடலாம். ஆனால் கிளப்புகளில் உள்ள இரட்டை இருக்கை கிளைடர்களின் அளவுகளும் எடைக்கணக்கும் வளர்ந்த ஆட்களை வைத்துப் போடப்பட்டவை. அதனால் இளையோர் செய்யும் மோசமான தவறுகளில் சில, கிளைடர் தரையில் நிற்கும்போதே நடந்துவிடுகின்றன.

முதலில் எடை. ஏ.எஸ்.கே. 21 என்னும் இரட்டை இருக்கை கிளைடரில் தனியாகப் பறப்பவருக்கு முன் இருக்கையில் குறைந்தது 70 கிலோ வேண்டும். பாராசூட்டும் உடையும் இதில் சேரும். எடை குறைந்தால் ஈர்ப்பு மையம் பின்னால் போய்விடும். கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலே மூக்கு ஏறி இறங்கும். ஸ்டால் ஆனாலோ (இறக்கை தாங்கும் சக்தியை இழந்தாலோ) சுழலில் விழுந்தாலோ மீள்வது கடினம். கூச்சப்பட்டு எடையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். வளரும் வயது என்பதால் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். குறையும் எடைக்கு ஈயக் கட்டி வைக்க வேண்டுமென்றால், அதற்கென உள்ள இடத்தில் திருகி இறுக்கியிருக்க வேண்டும்.

அடுத்தது முதுகுக்குப் பின்னால் வைக்கும் மெத்தை. கால் எட்டவில்லை என்று வீட்டுப் பஞ்சுத் தலையணையைக் கொண்டுவருவது பலரிடமும் உள்ள பழக்கம். இதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். கிளைடரைக் கேபிளால் இழுத்து மேலே ஏற்றும் தரை எந்திரமான வின்ச் இழுக்கத் தொடங்கிய சில நொடிகளில் கிளைடர் பறக்கும் வேகத்துக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் பஞ்சு நசுங்கி உடல் பின்னால் சரியும், கூடவே கையும் போகும். கையில் உள்ள ஸ்டிக் இழுபட்டு, தரைக்குச் சில அடி மேலேயே மூக்கு செங்குத்தாக எழும்பிவிடும். சட்டென நசுங்காத கெட்டியான ஃபோம் கிளப்பிலேயே கிடைக்கும்; கேட்டு வாங்குங்கள். இடுப்புப் பட்டையை முதலில் தாழ்வாக இழுத்துக் கட்டி, பிறகு தோள் பட்டைகளை இறுக்குங்கள். கட்டிய பிறகுதான் சோதனை: மூக்கை இடவலம் திருப்பும் இரண்டு ரட்டர் பெடல்களும் கடைசி வரை போகின்றனவா, ஸ்டிக்கை முழுதாக முன்னே தள்ள முடிகிறதா, கேபிளை விடுவிக்கும் மஞ்சள் ரிலீஸ் குமிழ் எட்டுகிறதா? ஒன்று குறைந்தாலும் இறங்கிச் சரிசெய்யுங்கள். பின்னால் வரிசை காத்திருக்கிறதே என்று பார்க்க வேண்டாம்.

முன்விளிம்பு நீண்ட தொப்பியும் வேண்டாம், மேலே வரும் கிளைடரை மறைத்துவிடும். விளிம்பில்லாத துணித் தொப்பி போதும்.

வின்ச் ஓட்டத்தில் இடக்கை மஞ்சள் குமிழிலேயே இருக்க வேண்டும். இறக்கை நுனி தாழ்ந்து, அதைத் தூக்கி நிறுத்த முடியாது என்று தெரிந்தால், தரையைத் தொடும் முன்பே ரிலீஸை இழுங்கள். இன்னும் ஒரு நொடி பார்ப்போம் என்று போராடுவதுதான் இங்கே கொல்லும் தவறு. புல்லில் சிக்கிய நுனியைச் சுற்றிக் கிளைடர் கவிழ்ந்துவிடும்.

பாதி உயரத்தில் கேபிள் அறுந்தால் மூக்கைத் தாழ்த்த எல்லாரும் கற்றுவிடுகிறார்கள். தவறு அதற்கு அடுத்த நொடியில் வருகிறது. மூக்கு கீழே வந்துவிட்டது, இனிச் சரி என்று நினைத்து உடனே திரும்புவார்கள், அல்லது இறக்கத்தைக் கூட்டும் இறக்கைத் தடுப்பான ஏர்பிரேக்கைத் திறப்பார்கள். மூக்கு தாழ்ந்திருந்தாலும் வேகம் அப்போது இன்னும் திரும்பியிருக்காது. வேகமானியைப் பாருங்கள், இறங்கு வேகம் வந்த பிறகே அடுத்த முடிவு.

மேலே போனதும் நிலைமை தலைகீழ். அங்கே வேகமானியையே வெறித்துப் பார்ப்பதுதான் குறை. முள் சற்றுத் தாமதமாகவே நகரும்; அதைத் துரத்தினால் கிளைடர் அலைபோல் ஏறி இறங்கும். தொடுவானத்துக்குக் கீழே மூக்கு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை மனதில் பதித்து, அதை மாறாமல் வைத்தால் வேகம் தானே நிற்கும். கண்ணும் வெளியே இருக்கும், பிற விமானங்களும் தெரியும். கண்ணாடி மேல் ஒட்டிய கம்பளி நூல், கிளைடர் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும். அதன் வால் இடப்பக்கம் சாய்ந்தால் வலக்கால் பெடலை அழுத்துங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் இடக்கால். பலர் நூலை ஸ்டிக்கால் நேராக்கப் பார்க்கிறார்கள். அது காலின் வேலை.

இறங்கும்போது தரைப்பட்டை எட்டாது போலத் தெரிந்தால் கை தானாக ஸ்டிக்கை இழுக்கும். மூக்கு தூக்கினால் வேகம் குறையும், இன்னும் முன்னதாகவே விழுவீர்கள். 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) என்று பயிற்றுநர் சொல்லியிருந்தால் அதை விடாமல் ஏர்பிரேக்கை மூடுங்கள். ஏர்பிரேக் நெம்புகோல் நீலம். கை வைத்ததும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டே அசையுங்கள்.

வின்ச் பறப்பு பெரும்பாலும் ஐந்தாறு நிமிடம்தான். மாதத்துக்கு ஒரு நாள் வந்து போனால், போன முறை கற்றதை மீட்கவே அன்றைய பறப்புகள் தீர்ந்துவிடும். பணம் குறைவாக இருந்தால் அதைச் சேர்த்து வைத்து, அடுத்தடுத்த வாரங்களில் வாருங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று பறப்புகள் கேளுங்கள். காலையிலேயே வந்து கிளைடர்களை வெளியே எடுக்கவும் இறக்கை பிடிக்கவும் நின்றால், பட்டியலில் உங்கள் பெயரும் மேலே இருக்கும்.