கொடைத் தோலை எரிகாயத்தில் இடுவது: கணக்கும் கழுவலும்

உடலின் பெரும்பகுதி எரிந்தவருக்கு ஒட்டுவதற்கு அவரிடமே போதிய தோல் இராது. இறந்தவர் கொடுத்த தோல் 2, 3 கிழமை அந்தப் புண்ணை மூடி, நீரிழப்பையும் தொற்றையும் வலியையும் குறைக்கும். பிறகு அது கழன்றுவிடும். அதற்குள் சொந்தத் தோலைத் தயார்செய்ய வேண்டும். இரத்த வகை பொருந்தத் தேவையில்லை.

முதலில் கணக்கு. வளர்ந்தவரின் உடற்பரப்பு ஏறத்தாழ 17,000 சதுர சென்ரிமீற்றர். 40 சதவீதம் எரிந்தால் 6,800. தோலில் சிறு கீறல்களிட்டு 1:1.5 வலையாக (ஒன்றரை மடங்கு விரியும்படி) வெட்டினால் 4,500 போதும் என்று தாள் சொல்லும். ஆனால் வலை சொன்ன அளவுக்கு விரிவதில்லை, ஓரங்களும் சற்று மேவ வேண்டும். தோல் வங்கியிடம் 5,500 கேளுங்கள். 10 கிலோ குழந்தையின் முழு உடற்பரப்பே சுமார் 5,000தான். கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் போடும் கணக்கைத் தேசிய வைத்தியசாலையின் வளர்ந்தோருக்கு அப்படியே எடுக்க முடியாது.

85 சதவீதக் கிளிசரினில் பேணிய தோலை 4 பாகை செல்சியஸில் வையுங்கள். மின்வெட்டில் அது சில மணிநேரம் தாங்கும். உறையவைத்த தோல் தாங்காது. ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்கவும் கூடாது. கிளிசரின் கிருமியைக் குறைக்கும் என்பதற்காக, கொடையாளரின் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ் பரிசோதனை முடிவுகளைப் பார்க்காமல் பொதியைத் திறக்காதீர்கள்.

அவசரப்பட்டுக் கெடுப்பது கழுவலைத்தான். கிளிசரின் எஞ்சினால் அது புண்தளத்து நீரை உறிஞ்சும், தோல் விறைப்பாகவே நின்று படியாது. ஒரு லீற்றர் அளவு வெதுவெதுப்பான, மலடாக்கிய (கிருமிநீக்கிய) சேலைன் உப்புநீரில் தோலை விரித்துப் போட்டு, 5 நிமிடம் மெல்ல அசையுங்கள். சேலைனை முழுதாக வெளியே கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள். குறைந்தது 3 முறை. விரலில் வழவழப்பு நின்று, ஈரத் துணிபோலத் துவளும்போது தயார். துவளவில்லையா, நாலாவது முறையும் கழுவுங்கள். சத்திரசிகிச்சை தொடங்கும்போதே ஒரு தாதி இதில் இறங்கினால் கடைசியில் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்தப் பக்கம் கீழே? பளபளக்கும் உட்பக்கம் புண்ணில் பட வேண்டும். ஐயமென்றால் ஒரு மூலையில் இரத்தம் தொட்டுப் பாருங்கள்: உட்பக்கம் கறைபிடிக்கும், மேற்பக்கம் துடைத்தால் போய்விடும். தலைகீழாக வைத்த தோல் ஒட்டவே ஒட்டாது.

இறந்த இழையத்தை இரத்தம் கசியும் தளம் வரை சீவியெடுத்து, பிறகு கசிவை முற்றாக நிறுத்துங்கள். அடியில் இரத்தம் தேங்குவதே தோல் கழல முதற் காரணம். ஓரங்களை ஸ்டேப்பிள் செய்து, அழுத்தமாகக் கட்டி, 2, 3 நாளில் திறந்து பாருங்கள். நீர் கட்டியிருந்தால் சிறு வெட்டிட்டு வடியுங்கள். சீழ் பிடித்த துண்டை எடுத்துவிடுங்கள்.

சொந்தத் தோல் மிகக் குறைவானால் அதை 1:6 ஆக விரித்து, இடைவெளிகள் காயாதபடி மேலே 1:1.5 கொடைத் தோலைப் போர்த்துங்கள். கீழே வலை மூடும்போது மேலுள்ளது தானாக உரியும்.

பொதியின் இலக்கத்தை நோயாளியின் கட்டில் அட்டையிலும் தோல் வங்கிப் பதிவிலும் எழுதுங்கள். பின்னால் ஒரு கொடையாளரிடம் தொற்று தெரியவந்தால் யார் யாருக்கு அந்தத் தோல் போனது என்று அதைக்கொண்டே தேடமுடியும். கழுவி எஞ்சிய துண்டைக் குளிர்பெட்டிக்குத் திருப்ப வேண்டாம்; வைத்தியசாலைக் கழிவாக அகற்றிவிடுங்கள்.