எலும்புச் செல்லுக்கு அதிர்வு கொடுப்பது எப்படி

2001-இல் வெளியான ஓர் ஆய்வில் செம்மறி ஆடுகளின் பின்னங்கால்களுக்கு நாளுக்கு 20 நிமிடம், 30 ஹெர்ட்ஸில், 0.3 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) அளவில் மெல்லிய அதிர்வு கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் தொடை எலும்பின் மேல்முனையில், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் எலும்பின் அடர்த்தி சுமார் 34 சதவீதம் கூடியது. சரி, எலும்பை உருவாக்கும் செல்களான ஆஸ்டியோபிளாஸ்ட்களைத் தட்டில் வளர்த்து நாமும் அதிர வைத்துப் பார்க்கலாமே என்று இறங்கினால், சறுக்குவது பெரும்பாலும் அதிர்வில்தான்.

அதிர்வு மெஷின் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். தட்டில் செல் வளரும் குழிகளான கிணறுகளில் வழக்கமான அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைத் தட்டின் மேலேயே ஒட்டி (மூடியில் வேண்டாம், அது தனியாக ஆடும்), நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். 30 ஹெர்ட்ஸ், 0.3 ஜி என்றால் தட்டு நகர்வது நடுநிலையிலிருந்து மேலே 0.08 மில்லிமீட்டர், கீழே அதே அளவு, அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியாது. அதே 0.3 ஜியை 90 ஹெர்ட்ஸில் கொடுத்தால் நகர்வு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அதனால் ஜியை மட்டும் குறித்து வைத்தால் போதாது, ஹெர்ட்ஸையும் சேர்த்து எழுதுங்கள்.

செல்கள் வளரும் திரவமான மீடியமும் சும்மா இருக்காது. அது அலம்பும்போது செல்லின் மேல் உராய்வு விழுகிறது, செல் உணர்வது அதையாகவும் இருக்கலாம். எல்லாக் கிணற்றிலும் ஒரே அளவு ஊற்றுங்கள்.

அதிர்வு கொடுக்காத ஒப்பீட்டுத் தட்டுதான் உண்மையான தலைவலி. ஒன்றை வெளியே எடுத்து அதிர வைத்துவிட்டு மற்றதை, சூடும் கார்பன் டை ஆக்சைடும் ஒரே அளவில் வைக்கும் இன்குபேட்டருக்குள்ளேயே விட்டால், வெளியே வந்ததில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, சிவப்பாக இருந்த மீடியம் ரோஸ் கலந்த ஊதாவாக மாறும்; அப்புறம் நீங்கள் அளப்பது பிஹெச் (அமில-காரத் தன்மை) மாற்றத்தையும் சேர்த்துத்தான். இரண்டும் ஒன்றாக வெளியே வரட்டும், இரண்டாவது அணைத்து வைத்த அதே மாதிரி மேடையில் இருக்கட்டும். மோட்டார் சூடு தட்டுக்கு ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்களைத் தட்டில் விதைத்து ஒரு நாள் ஒட்டவிட்டு, தினமும் 20 நிமிடம் தொடங்கலாம். எலும்புப் பொருள் உருவாக மீடியத்தில் சேர்ப்பவற்றில், அஸ்கார்பிக் அமிலம் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார் வழக்கமான அளவு. ஏழாம் நாள் வாக்கில், செல்கள் முதிர்வதைக் காட்டும் நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பாருங்கள், புரத அளவால் வகுத்துத்தான். இல்லையென்றால் செல் கழன்று போனதைக்கூட அதிர்வின் பலன் என்று படித்துவிடுவீர்கள். 21-ஆம் நாள் அலிசரின் ரெட் சாயம் போட்டால் கால்சியம் படிந்த இடமெல்லாம் சிவக்கும். சிவப்பு எல்லாம் கிணற்றின் நடுவில் குவிந்திருந்தால் அதிர்வைக் குற்றம் சொல்லும் முன் யோசியுங்கள், விதைத்த அன்று தட்டை வட்டமாகச் சுழற்றினீர்களா? அதுவே செல்களை நடுவில் குவித்துவிடும்.