குதிகாலில் எடுக்கும் ஒரு துளி: பச்சிளங்குழந்தைகளின் சர்க்கரைப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனை செய்யும் முறை 2007இல் நடைமுறைக்கு வந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டுகிறதா என்று பார்க்கும் எளிய வழிமுறை அது. அதற்கு அடித்தளம் இட்டவர் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. இதனால், சென்னையின் பிரசவ வார்டுக்கு வரும் தாய்க்குச் சர்க்கரை இருந்தால் அது பெரும்பாலும் முன்கூட்டியே அட்டையில் ஏறியிருக்கும். அத்தகைய தாயின் குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். தாயின் பரிசோதனைக்குக் காட்டும் கவனத்தில் பாதிகூடச் சில இடங்களில் இந்தத் துளிக்குக் கிடைப்பதில்லை. எண் தவறாக வரும்போது எல்லோரும் கருவியைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் பிழை பல நேரங்களில் ரத்தம் கருவியைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

யாருக்கு, எப்போது பார்ப்பது என்பதிலேயே முதல் தவறு நேர்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த குளுக்கோஸ் நின்றுவிடுவதால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆரோக்கியமான குழந்தைக்குக்கூடச் சர்க்கரை 30ஐ ஒட்டி இறங்கிப் பிறகு தானாக ஏறும். நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்கு ‘எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்’ என்று அந்த நேரத்தில் குத்தினால், வரும் எண்ணைக் கண்டு பயந்து பவுடர் பாலைத் தொடங்குவதில்தான் போய் முடியும். கட்டாயம் பார்க்க வேண்டியவர்கள் வேறு: நீரிழிவுள்ள தாயின் குழந்தை, குறைமாதக் குழந்தை, கர்ப்ப மாதத்துக்குரிய எடையைவிட மிகவும் குறைந்தோ கூடியோ பிறந்த குழந்தை, பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தை, கிருமித்தொற்று உள்ள குழந்தை, உடல் குளிர்ந்துபோன குழந்தை. இவர்களிடம் நடுக்கமோ சோர்வோ தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எந்த அறிகுறியும் இல்லாமலே சர்க்கரை இறங்கியிருக்கலாம். முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்து, 2, 6, 12, 24, 48, 72 மணி நேரங்களில் பார்ப்பது இந்தியாவில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை. ஒவ்வொரு முறையும் பாலுக்கு முன்பு பார்க்க வேண்டும். குடித்து முடித்த கையோடு பார்த்துப் பெற்ற 60, அடுத்த பாலுக்கு முன் அது எவ்வளவுக்கு இறங்கும் என்பதைச் சொல்லாது.

குதிகாலுக்கு வருவோம். கால் சில்லென்று இருக்கும்போதே குத்தி, ரத்தம் வராமல் போக, கட்டைவிரலால் பிழிந்து பிழிந்து ஒரு துளியை வரவழைப்பதை நெரிசலான வார்டுகளில் பார்க்கலாம். அந்தத் துளியில் ரத்தத்தோடு திசுநீரும் உடைந்த சிவப்பணுக்களும் கலந்திருக்கும். குதிகாலை வெதுவெதுப்பான துணியால் சில நிமிடம் சுற்றி வைத்தால், பிழிய வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. குத்த வேண்டிய இடம் குதிகாலின் அடிப்பக்கத்தில் உள்ளோரம் அல்லது வெளியோரம்; குதிகாலின் நடுவிலும் பின்வளைவிலும் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே குத்தினால் எலும்பில் கிருமித்தொற்று ஏற்படும் அபாயம் உண்டு. சாதாரண ஊசியைவிட, குறிப்பிட்ட ஆழத்துக்குமேல் இறங்காத தானியங்கி லான்செட்டே (குத்துவதற்கான சிறு கருவி) பாதுகாப்பானது. ஸ்பிரிட் தடவிய இடம் நன்றாக உலர வேண்டும். முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் அடுத்த துளியைக் குளுக்கோமீட்டரின் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்பில் தொட வைக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ட்ரிப் மாற்றிய கையுறையோடு அப்படியே குத்துவதும், டெக்ஸ்ட்ரோஸ் ஏறிக்கொண்டிருக்கும் லைனிலிருந்தே ரத்தம் எடுப்பதும் இன்னும் ஆபத்தானவை. அங்கே கருவி அளப்பது மருந்தின் சர்க்கரையை. குழந்தையின் சர்க்கரை தாழ்ந்திருப்பது அந்த எண்ணுக்குப் பின்னால் மறைந்துபோகும்.

சரியாகத் துளி எடுத்த பிறகும் குளுக்கோமீட்டர் சொல்வதே முடிவாகிவிடாது. சாதாரண குளுக்கோமீட்டர்கள் பெரியவர்களின் நீரிழிவைக் கண்காணிப்பதற்காக உருவானவை. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 2013ஆம் ஆண்டு தரவிதிப்படி, சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் ஒரு கருவி 15 மில்லிகிராம் வரை கூட்டியோ குறைத்தோ காட்டலாம். 200 உள்ளவருக்கு 15 பெரிய விஷயமே இல்லை. 45ஐ எல்லையாக வைத்து முடிவெடுக்க வேண்டிய குழந்தைக்கோ அதுவே எல்லாம். மேலும், பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் அதிகம் என்பதால், அதைச் சரிசெய்துகொள்ளாத கருவிகள் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆகவே குளுக்கோமீட்டர் ஒரு சல்லடை மட்டுமே. தாழ்வான எண் வந்தால் லேபிலோ, ஐ.சி.யூ.வில் இருக்கும், ரத்த வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. கருவியிலோ உறுதிசெய்ய வேண்டும்.

லேபுக்கு அனுப்பும் வழியில்தான் அடுத்த தவறு காத்திருக்கிறது. என் கருத்தில் மிக அதிகமாகக் கண்டுகொள்ளாமல் விடப்படுவது இதுதான். குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் வெறுமனே கிடக்கும் பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 14 முதல் 18 மில்லிகிராம் வரை குறையலாம். வேறு கட்டடத்தில் இருக்கும் லேபுக்கு அட்டெண்டர் வரும்வரை டிரேயில் ஒரு மணி நேரம் கிடந்த ரத்தம், 55ஐ 40 ஆக்கிக் காட்டிவிடும். சாம்பல் மூடி போட்ட ஃப்ளூரைடு குழாயில் எடுத்தால் போதும் என்று நினைப்பதும் பாதி உண்மைதான். அணுக்கள் குளுக்கோஸைத் தின்பதைத் தடுக்கும் ஃப்ளூரைடு முழுமையாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஐஸில் வைத்து உடனே அனுப்புவதற்கு மாற்று இல்லை.

ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைப்பது சென்னையின் ஈரக்காற்றில் பெருந்தவறு. திறந்த தேதியை டப்பாவின் மேலேயே எழுதிவிட வேண்டும். பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், ஏ.சி. இல்லாத வார்டில் மே மாதத்தில் அவற்றை எங்கே வைப்பது என்பதையும் யோசித்தாக வேண்டும்.

உறுதிசெய்யும்வரை சிகிச்சையை நிறுத்தி வைப்பது எல்லாவற்றையும்விடக் கேடானது. ‘லோ’ என்று கருவி காட்டினால் பல கருவிகளில் அது 20க்கும் கீழே என்று பொருள். அதை நம்பாமல் இரண்டாவது, மூன்றாவது ஸ்ட்ரிப்பை எடுப்பதில் நேரம் போகக் கூடாது. லேபுக்கு ரத்தம் எடுத்த உடனேயே, ரிசல்ட் வருவதற்குள், மருத்துவர் சொற்படி கிலோவுக்கு 2 மில்லி என்ற அளவில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை நரம்பில் செலுத்திவிட்டுத் தொடர் ட்ரிப்பைத் தொடங்குவது வழக்கம். அறிகுறி இல்லாமல் 45க்குச் சற்றே கீழே இருந்தால் பாலூட்டி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் பார்க்கலாம். எண்ணை மட்டும் எழுதிவைத்தால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு வரும் சிஸ்டருக்கு உதவாது. எத்தனை மணிக்கு எடுத்தது, கடைசியாக எப்போது பால் குடித்தது என்பதும் அருகிலேயே இருக்க வேண்டும்.

குடும்பத்தாரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்ட விரல் குழந்தையின் காலிலும் பட்டால், பரிசோதனை பொய்யாக உயர்ந்து காட்டும். தேன் எப்படியும் ஒரு வயதுவரை கூடாது. குத்தும்போது குழந்தையைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் அணைத்து வைத்திருந்தால் வலி குறையும். பாலுக்கு முந்தைய பரிசோதனைதான் என்பதால், துளியை எடுத்த கையோடு பாலூட்டத் தொடங்கிவிடலாம்.