வீடு மாறும்போது மீன்தொட்டிக்குச் செய்யக் கூடாதவை

வீடு மாறிய ஒரு வாரத்துக்குள் தொட்டி மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தால், "வண்டி ஆட்டம் தாங்கலை" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது காரணமே இல்லை. சென்னையில் அண்ணா நகரிலிருந்து மேடவாக்கம் போக டிராஃபிக்கையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகுமா? வண்ணமீன் சந்தையான கொளத்தூரிலிருந்து வெளியூர்க் கடைகளுக்குப் போகும் மீன்கள் கவருக்குள்ளேயே அதைவிடப் பல மடங்கு நேரம் இருந்து, நன்றாகவே போய்ச் சேர்கின்றன. நம் வீட்டு மீனைச் சாகடிப்பது, கிளம்புவதற்கு முன்னால் நாம் செய்யும் சுத்தம்.

புது வீட்டுக்கு அழுக்கை ஏன் கொண்டுபோக வேண்டும் என்று தொட்டி, கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. மீனின் கழிவும் மிச்சம் விழுந்த இரையும் தண்ணீரில் அமோனியாவாக மாறும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும் விஷம். பஞ்சிலும் அடிக்கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள்தான் அந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. காய்ந்தால் அவை செத்துவிடும். குளோரின் பட்டாலும் அப்படித்தான். மறுபடி புதிதாகப் பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுவிட வேண்டியதுதான்.

அதனால் மீனைப் பிடிப்பதற்கு முன்பே பஞ்சுக்கு ஒரு வழி செய்யுங்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் எடுத்து, அதில் பஞ்சை ஒரு தடவை லேசாக அமுக்கிப் பிழியுங்கள். காப்பி டிகாஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கும். அத்தோடு நிறுத்திவிடுங்கள், பஞ்சு வெளுக்க வேண்டாம். பிறகு வேறொரு பக்கெட்டில் பஞ்சு மூழ்கும் அளவுக்குத் தொட்டித் தண்ணீர் விட்டு, காற்றுப் புகும்படி மூடி எடுத்துப் போங்கள். பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் இருந்தால் அந்தப் பக்கெட்டில் போட்டுவிடலாம். தொட்டிக்கு வெளியே டப்பா போல நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே இறுக மூடி நாள் முழுக்க வண்டியில் வைத்தால் உள்ளே எல்லாம் அழுகிவிடும். புது வீட்டில் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஓடவிடவே கூடாது.

சிலர் பஞ்சைக் கழுவிவிட்டு, பழைய தண்ணீரை மட்டும் ஒரு சொட்டு விடாமல் டிரம்மில் பிடித்துக்கொண்டு போவார்கள். தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியா ரொம்பக் குறைவு. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பழைய தண்ணீர் இருந்தால் மீனுக்கு அதிர்ச்சி குறையும், அவ்வளவுதான் அதன் பயன்.

அடுத்தது புது வீட்டுத் தண்ணீர். சென்னையில் இது தெருவுக்குத் தெரு மாறும். ஒரு பக்கம் புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் வரும். தென்சென்னையின் பல இடங்களுக்கு 2013 முதல் நெம்மேலியில் சுத்திகரித்த கடல்நீர் வருகிறது. அப்புறம் போர், லாரி. அடுக்குமாடி சம்ப்பில் இவை எல்லாம் கலந்தும் இருக்கலாம். "இங்கேயும் மெட்ரோ வாட்டர்தான்" என்று ஹவுஸ் ஓனர் சொன்னதை நம்பித் தொட்டியை நிரப்பாதீர்கள். முன்கூட்டியே ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் இரண்டு வீட்டுத் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால் போவதற்கு முந்தைய வாரத்திலிருந்தே புது வீட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கலாம். குளோரின் போக ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும், அல்லது ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைக்க வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தவறுதான். அதில் தாது உப்பு குறைவு என்பதால் பிஎச், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மை, நிலையாக நிற்காது.

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. பால் காய்ச்சுவது ஒரு நாள், சாமான் ஏற்றுவது இன்னொரு நாள் என்றுதான் பல வீடுகளில் நடக்கிறது. பால் காய்ச்சப் போகிற அன்றே ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டால், தொட்டி வரும்போது தண்ணீர் தயாராக இருக்கும்.

பலர் நினைத்தே பார்க்காத ஒரு ஆபத்து, கரப்பான்பூச்சி மருந்து. குடிபோகுமுன் காலி வீட்டில் பூச்சிமருந்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த மருந்துகளில் பரவலாக இருக்கும் பைரித்ராய்டு வகை, மனிதர்களை அவ்வளவாகப் பாதிக்காத அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளும். மருந்தடித்த வீட்டை நன்றாகக் காற்றோட விட்டு, தரையைத் துடைத்து, சில நாள் கழித்தே மீனைக் கொண்டுவாருங்கள். முடிந்தால் தொட்டி வைக்கும் அறையில் மருந்தே அடிக்கச் சொல்லாதீர்கள். மீனுக்கான பக்கெட்டும் தனியாக இருக்கட்டும். வீடு துடைக்க ஃபினாயில் கலந்த பக்கெட்டை எத்தனை தடவை அலசினாலும் இதற்கு எடுக்க வேண்டாம்.

பயணத்துக்கு முந்தைய நாள் இரை போடாதீர்கள். பாவம் என்று தோன்றும், ஆனால் வளர்ந்த மீனுக்கு ஓரிரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. சாப்பிட்டால் கவருக்குள்தான் கழிவு போடும். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. கழுத்து வரை தண்ணீர் நிரப்புவது தப்பு, ஏனென்றால் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் மேலே இருக்கும் காற்றிலிருந்துதான் கரைந்து வருகிறது. இரண்டு கவராகப் போட்டு, தெர்மகோல் பெட்டியில் இருட்டாக அடுக்கினால் மீன் அமைதியாக வரும். சக்கர் ஃபிஷ் போல முள் உள்ளவை கவரைக் கிழித்துவிடும், அவற்றுக்கு மூடியுள்ள பக்கெட்தான் சரி. மே மாதமென்றால் விடியற்காலையில் கிளம்புங்கள். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். வெயிலில் நிறுத்திய காரில் மீனை விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போகவே கூடாது.

கொண்டுபோக முடியாத மீனைப் பக்கத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவது பாவத்தைப் போக்குவதாகச் சிலர் நினைக்கிறார்கள். சக்கர் ஃபிஷ் அப்படித்தான் நம் நீர்நிலைகளில் பரவி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், அல்லது மீன் கடையில் கேட்டுப் பாருங்கள்.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லும் கொஞ்சம் தண்ணீரும் இருக்கட்டும் என்று அப்படியே தூக்கினால் சிலிகான் ஒட்டு விட்டுவிடும். இரண்டடித் தொட்டியே 60, 70 லிட்டர் பிடிக்கும், அத்தனை கிலோ எடை. முழுக்கக் காலி செய்து, மெத்தைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். போன இடத்தில் அடியில் தெர்மகோல் போட மறக்காதீர்கள். ஹீட்டர் இருந்தால், தண்ணீரை இறக்குவதற்கு அரை மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள்.

புது வீட்டில் முதலில் இறக்க வேண்டியது தொட்டியும் பஞ்சும். ஃப்ரிட்ஜும் பீரோவும் அப்புறம் வரட்டும். ஃபில்டர் ஓடத் தொடங்கியதும், கவரைப் பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டு, அதில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அன்று விளக்கும் வேண்டாம், இரையும் வேண்டாம். அடுத்த ஒரு வாரம் வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். இரண்டாம் மூன்றாம் நாள் தண்ணீர் பால் போலக் கலங்கினால் பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பாதீர்கள், அந்தக் கலங்கல் தானாகவே தெளியும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தாலோ, டெஸ்ட் கிட்டில் அமோனியா தெரிந்தாலோ, குளோரின் நீக்கிய தண்ணீரால் கால்வாசி மட்டும் மாற்றி, காற்றைச் சின்னக் குமிழ்களாக விடும் ஏர் ஸ்டோன் இன்னொன்று போடுங்கள். மறுநாளும் அமோனியா காட்டினால் மறுபடி கால்வாசி மாற்றுங்கள். பஞ்சை மட்டும் அந்த மாதம் முழுக்கத் தொடாதீர்கள்.