கடற்காற்றும் கத்தியும்

வெள்ளவத்தைப் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் கத்தி வாங்கும்போது உருக்கைப் பாருங்கள், பளபளப்பை அல்ல. எனக்குப் பிடித்தது பிரான்சின் ஒபினெல் கத்தி. அதில் கார்பன் உருக்கு, இனொக்ஸ் (எளிதில் கறள் பிடிக்காத உருக்கு) என்று இரண்டு வகை. கார்பன் அலகைத் தீட்டுவதே ஒரு சுகம். ஆனால் தேசிக்காய் வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் கறுத்துவிடும், இரவு ஈரத்தோடு கிடந்தால் விடியக் கறள்தான். வெட்டியதும் கழுவித் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையா? இனொக்ஸ் எடுங்கள், அது சுவீடனின் 12சி27 என்ற உருக்கு. மீன் வெட்டுபவர்களுக்கு ஸ்பைடர்கோ நிறுவனத்தின் எச்2 கத்திகள்: கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த உருக்கு, உப்புத் தண்ணீருக்கும் அசையாது. விலைதான் கையைக் கடிக்கும். சரி, வெங்காயம் தக்காளிக்கு? விக்டோரினொக்ஸின் சின்னக் கத்தியே தாராளம்.