தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன், அதில் கார் என்ஜின்: காரில் மாட்டுவதற்கு முன் மேசையில் அளந்து பாருங்கள்

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து அதில் என்ஜினை ஓட்ட முடியுமா என்றால், முடியும். ஓடுகிற காரே அந்த ஹைட்ரஜனைத் தன் மின்சாரத்தில் தயாரித்துக்கொண்டு பெட்ரோலை மிச்சப்படுத்துமா என்றால், படுத்தாது. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் மாதக்கணக்கில் உழைத்து ஒரு நல்ல என்ஜினையும் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்கான பதில் பழையது: ஐசக் டி ரிவாஸ் 1807லேயே ஹைட்ரஜனை உள்ளே வெடிக்கவிட்டு ஓடும் என்ஜின் வைத்து வண்டி செய்தார், 2006ல் பிஎம்டபிள்யூ தன் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினை ஹைட்ரஜனில் ஓட்டிக் காட்டியது. ஆனால் அந்த பிஎம்டபிள்யூ காரில் ஹைட்ரஜனை வெளியில் தயாரித்து டாங்கில் நிரப்பினார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலை நீங்களே அளந்து தெரிந்துகொள்ளலாம், அதற்கு கார் வேண்டாம், ஒரு மேசை போதும்.

முதலில் செல், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் கருவி. 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரே அளவில் ஏழு தகடுகள் வெட்டி, இரண்டு பக்கமும் எமரி பேப்பரால் நன்றாகச் சொரசொரப்பாக்குங்கள் (வழவழப்பான தகட்டில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும்). ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ரப்பர் கேஸ்கெட். கீழே திரவம் போக ஒரு துளை, மேலே வாயு வர ஒரு துளை. முதல் தகட்டில் பாசிட்டிவ், கடைசித் தகட்டில் நெகட்டிவ், நடுவில் உள்ள ஐந்துக்கும் இணைப்பு எதுவும் கொடுக்காதீர்கள். இப்படி அமைத்தால் தகடுகளுக்கு நடுவே ஆறு சின்னச் செல்கள் வரிசையாக நின்று, 13 வோல்ட் ஆளுக்கு 2.2 வோல்ட்டாகப் பிரியும். ஒரே ஜோடித் தகட்டுக்கு 13 வோல்ட்டையும் கொடுத்தால் பெரும்பகுதி தண்ணீரைச் சுடவைக்கத்தான் போகும், ஏனென்றால் வெப்பம் வீணாகாமல் தண்ணீர் பிரிய 1.48 வோல்ட் போதும்.

திரவத்துக்கு டிஸ்டில்டு வாட்டரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும். சமையல் உப்பு போடவே போடாதீர்கள், குளோரின் வரும். நான் முதல் தடவை உப்புதான் போட்டேன், அந்த வாடை தொண்டையில் இரண்டு நாள் இருந்தது. ஹைட்ராக்சைடைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். சில நாள் ஓடிய பிறகு திரவம் பழுப்பாகிவிட்டால் தகடு கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் நச்சு வகைக் குரோமியம் இருக்கலாம், சாக்கடையில் ஊற்றக் கூடாது.

அடுத்தது பப்ளர், இது இல்லாமல் ஸ்விட்சைப் போடாதீர்கள். வெளியே வருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சரியான விகிதத்தில் ஏற்கெனவே கலந்த வாயு, எரிவதற்குக் காற்றுகூடத் தேவையில்லை. வெறும் ஹைட்ரஜனே காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் பற்றும், பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும், சட்டையில் உரசி வரும் நிலைமின்சாரம் அதைவிடப் பெரியது. பப்ளர் என்பது முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் ஜாடி. வாயுக் குழாய் அதன் அடிவரை போக வேண்டும், மூடி அழுத்தி மூடியதாக இருக்க வேண்டும், திருகு மூடி வேண்டாம். தீ திரும்பி வந்தால் தண்ணீர் அதை நிறுத்தும், மூடி தனியே கழன்று போகும். கீழே சொல்லும் அளவுப் பாட்டிலைத் தவிர வேறு எதிலும் வாயுவைச் சேமித்து வைக்காதீர்கள், பலூனில்கூட வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள்.

சரி, இப்போது அளவு. ஒரு லிட்டர் பாட்டிலைத் தண்ணீர் நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து, பப்ளரிலிருந்து வரும் குழாயை அதன் வாய்க்குள் விடுங்கள். மின்சாரத்தை 10 ஆம்பியரில் நிலையாக வைத்து, ஸ்டாப்வாட்சைப் போடுங்கள். ஃபாரடேயின் விதிப்படி ஆறு செல்களும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 680 மில்லிலிட்டர் தர வேண்டும், அதாவது பாட்டில் 88 விநாடியில் நிறைய வேண்டும். அதைவிட நேரமானால் எங்கோ கசிவு, அல்லது மின்சாரம் துளைகள் வழியாகத் தகட்டைத் தாண்டிப் போகிறது. அதைவிடச் சீக்கிரம் நிறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், செல் சூடாகி நீராவி வருகிறது. இந்த 88 விநாடியை யாரும் வென்றதில்லை. தகட்டின் வடிவம், அதிர்வெண், மின்சுற்று, எதை மாற்றினாலும் ஒரு எலக்ட்ரானுக்கு இத்தனை ஹைட்ரஜன்தான். வென்றதாகச் சொன்ன அமெரிக்கர் ஸ்டான்லி மேயர் மீது முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கில், அது மோசடி என்று 1996ல் ஒஹையோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி கணக்கு. 13 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 130 வாட் கொடுக்கிறீர்கள். கிடைத்த ஹைட்ரஜன் எரிந்தால் சுமார் 75 வாட் வெப்பம். மேசையில் இது கௌரவமான திறன்தான், ஆனால் காரில் அந்த 130 வாட்டை, என்ஜின் பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தர வேண்டும். அதன் திறன் 60 சதவீதம் என்றே வைத்தாலும் பெல்ட்டிலிருந்து 215 வாட்டுக்கு மேல் இழுக்கும். உங்கள் 75 வாட் ஹைட்ரஜனை என்ஜின் 25 சதவீதத் திறனில் எரித்துத் திருப்பித் தருவது 19 வாட். 215 கொடுத்து 19 வாங்குகிறோம். வேறு விதமாகச் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலுக்கு ஈடான ஹைட்ரஜன் சேர இந்தச் செல் ஐந்து நாள் இரவு பகலாக ஓட வேண்டும்.

கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தால் பெட்ரோல் முழுதாக எரியும் என்பார்கள். நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் எரித்துவிடுகிறது. அதோடு 1.2 லிட்டர் என்ஜின் 2500 சுற்றில் நிமிடத்துக்கு 1500 லிட்டர் கொள்ளளவை நிரப்புகிறது, அதில் உங்கள் 0.68 லிட்டர் எங்கே தெரியும்?

அப்படியும் காரில் மாட்டித்தான் பார்ப்பேன் என்றால், செல்லுக்கு மின்சாரம் விடும் ரிலேயை இக்னிஷனில் கொடுக்காமல், என்ஜின் ஓடும்போது மட்டும் இணையும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகக் கொடுங்கள். என்ஜின் நின்ற பிறகும் செல் ஓடினால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வாயு நிறைந்து நிற்கும், அடுத்த ஸ்டார்ட்டில் வெடிக்கும். மைலேஜைச் செல் அணைத்து ஒரு டாங்க், போட்டு ஒரு டாங்க், மறுபடி அணைத்து ஒரு டாங்க் என்று அதே பாதையில், அதே டயர் அழுத்தத்தில் பாருங்கள். மூன்றாவது டாங்க் ரொம்ப முக்கியம், அது இல்லாவிட்டால் நீங்கள் மெதுவாக ஓட்டியதைச் செல்லின் சாதனையாக எடுத்துக்கொள்வீர்கள். எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும் சர்க்யூட்டைச் சேர்க்காதீர்கள். அதனால் மைலேஜ் கூடினால் அது பெட்ரோலைக் குறைத்து ஊட்டியதால் கூடியது, அதற்கு விலையாக நைட்ரஜன் ஆக்சைடும் கருகிய வால்வும் வரலாம்.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. ஒரு பழைய 100 சிசி ஜெனரேட்டர் என்ஜினை எடுத்து, செல்லுக்குச் சுவர் மின்சாரத்தை 13 வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுத்து, பெட்ரோலே இல்லாமல் ஹைட்ரஜனில் ஓட விடுவது. இதற்கு மேலே சொன்ன செல்லைப் போலப் பல செல்கள் வேண்டும், காரணம் ஐடிலிங்குக்கே நிமிடத்துக்குப் பல லிட்டர் கேட்கும். ஹைட்ரஜன் வேகமாக எரிவதால் ஸ்பார்க்கைப் பின்தள்ளி, பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்துக்குக் கிட்டே கொண்டு வாருங்கள். இந்தச் சிறிய என்ஜின்களில் பல ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் போடும், எக்ஸாஸ்ட் முடிகிற நேரத்தில் வரும் அந்தக் கூடுதல் ஸ்பார்க் பெட்ரோலில் ஒன்றும் செய்யாது, ஹைட்ரஜனில் திறந்த இன்டேக் வால்வு வழியாகத் தீயைக் குழாய்க்குத் திருப்பி அனுப்பும். ஆகவே ஸ்பார்க் நேரத்தை, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டிலிருந்து எடுத்து, இரண்டு சுற்றுக்கு ஒன்றாக மாற்றிய பிறகே வாயுவைத் திறந்துவிடுங்கள். ஓடத் தொடங்கியதும் சைலன்சர் வாயில் ஒரு குளிர்ந்த கண்ணாடித் தட்டைப் பிடித்தால், பிரித்த தண்ணீர் துளித்துளியாகத் திரும்பி வந்து நிற்பதைப் பார்க்கலாம்.