போலன் மலைப்பாம்புக்கு அவ்வளவு சூடு வேண்டாம்

நியூகினித் தீவின் போலன் மலைப்பாம்பை வாங்குபவர்கள் பலரும் முதல் வேலையாகக் கூண்டைச் சூடாக்கிவிடுகிறார்கள். வெப்பமண்டலப் பாம்புதானே என்ற கணக்கு. ஆனால் இது பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேலே, குளுகுளு மலைக்காட்டில் வாழ்வது. கருகருவென்ற உடம்பு என்பதால் காலை வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே தேவையான சூடு ஏறிவிடும்.

அதனால் கூண்டின் ஒரு மூலையில் மட்டும், பாம்புக்கு எட்டாதபடி, மேலே ஒரு வெப்ப விளக்கு. அதன் நேர் கீழே சுமார் 30 டிகிரி, மறுமுனையில் 23, 24. இரவில் விளக்கை அணைத்து 20 பக்கம் இறங்க விடுங்கள். சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரைக் கண்ணாடியில் ஒட்டாதீர்கள். பாம்பு சுருண்டு படுக்கும் இடத்தில் வையுங்கள். சூடாகும் கல் வேண்டவே வேண்டாம். வயிறு வெந்தாலும் பாம்பு அதன் மேலேயே கிடக்கும்.

குளிர்ச்சி சரி, சொதசொத தரை கூடாது. வாயோரம் நுரை, வாயைப் பிளந்து மூச்சு என்று கண்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள்.

இரையை நீளமான இடுக்கியில்தான் நீட்ட வேண்டும். 2 மீட்டரைத் தாண்டி வளரும் பாம்பு, பக்கத்தில் இன்னொருவர் இல்லாமல் கையில் எடுக்காதீர்கள்.

அப்புறம், இது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள இனம். இந்தியாவில் வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். காகிதம் தராத விற்பனையாளரிடம் விலைகூடக் கேட்காதீர்கள்.